நர்சம்மா ஏறிய மலை

ஜூலை 17, வியாழன்

வந்து சேர்ந்தாயிற்று. ஆடி ஒன்றாம் தேதி ஊர்ப்பக்கம் எல்லோரும் தேங்காய் சுட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் நான் இங்கிலாந்தில், டார்பி என்கிற ஊரில், மகன் வீட்டு மாடியறையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வேலையில் இருந்தவரை தினமும் டூர் டைரி எழுதிய கை. ரிட்டயர் ஆன பிறகும் எழுதாமல் படுத்தால் தூக்கம் வருவதில்லை.

விமான நிலையத்துக்குத் தரணியும் வாணியும் சேர்ந்தே வந்திருந்தார்கள். ஓடி வந்து கட்டிக்கொண்டது மருமகள்தான். பெற்ற பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டான். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தபோது வாணி இரண்டு மாதம் லீவு போட்டுவிட்டு வந்து என்னோடு பவானியில் இருந்தாள். அப்போதிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வாள். எனக்குப் பெண்பிள்ளை இல்லாத குறை அத்தோடு போயிற்று.

தரணி இளைத்திருக்கிறான். பேன்ட்டை பெல்ட்டில் சுருக்கிக் கட்டியிருக்கிறான். இந்த ஊரில் எல்லோரும் ஓடி ஓடி உடம்பைக் குறைக்கிறார்களாம். இவனுக்கும் அந்தப் பைத்தியம் பிடித்திருக்கும்.

ஜூலை 18, வெள்ளி

காலையில் ரசத்துக்குக் கரண்டி கேட்டேன். வாணி மூன்று இழுப்பறையைத் திறந்து பார்த்து நாலாவதில் எடுத்தாள். பெருங்காயம் எங்கே என்றதற்கு அலமாரி முழுவதையும் தேடினாள். கடைசியில் தரணி மாடியிலிருந்து இறங்கி வந்து எடுத்துக் கொடுத்தான்.

முப்பது வருடம் கிராம சுகாதார நர்சாக அம்மாபேட்டை பக்கம் வீடு வீடாகப் போனவள் நான். எந்த வீட்டுக்குள் போனாலும் நேரே அடுப்படிக்குத்தான் போவேன். அடுப்படியையும் அந்த வீட்டுப் பெண்ணின் முகத்தையும் பார்த்தால் போதும், மீதியை யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இது வேலைக்குப் போகிற பெண்ணின் வீடு. சமையல் தரணி பொறுப்பில் இருக்கும்போல. நல்லதுதானே.

ஜூலை 20, ஞாயிறு

துணி காயப்போடும்போது பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பாட்டி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வாணியிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். "திரும்பி வந்துவிட்டாயே, சந்தோஷம்" என்கிற மாதிரி இருந்தது. எனக்கு இருக்கிற இங்கிலீஷுக்குத் தப்பாகக்கூட விளங்கியிருக்கலாம். வாணி தலையை ஆட்டிவிட்டு ஏற்கெனவே உதறிய துண்டை இன்னொரு தடவை உதறினாள்.

தரணிக்கு வீட்டிலிருந்தே வேலை. ஞாயிற்றுக்கிழமைகூட மேல் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிறான். பேச்சு சத்தமோ தட்டச்சு சத்தமோ வெளியே கேட்பதில்லை. பெரிய பொறுப்பாக இருக்கும்.

ஜூலை 22, செவ்வாய்

தரணி கீழே சோபாவில் படுக்கிறான். அமெரிக்காக்காரர்களோடு ராத்திரியில் பேச வேண்டியிருக்கிறதாம். கேட்காமலேயே சொன்னான். நானும் கேட்காமலேயே கேட்டுக்கொண்டேன்.

ஜூலை 24, வியாழன்

முழங்கால் வலி. கொள்ளு ரசம் வைத்தேன். தரணி இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவிவிட்டான்.

ஜூலை 25, வெள்ளி

துண்டு எடுக்க வாணி அறைக்குப் போனேன். அவள் துணியெல்லாம் பெட்டியிலேயே இருக்கிறது, மடித்தது மடித்தபடி. அலமாரியில் ஒரு சுடிதார்கூட மாட்டவில்லை. ஊருக்கு வந்திருக்கும் நான்கூட என் சேலைகளை எடுத்து மாட்டிவிட்டேன்.

எனக்கு ஒன்றும் விளங்காமல் இல்லை. சண்டை. பெரிய சண்டை. பிரிந்து இருந்துவிட்டு நான் வருகிறேன் என்றதும் ஒட்டுக்கா இருப்பதுபோல் காட்டுகிறார்கள். எழுதும்போதே மனது கசக்கிறது. வாணி போய்விட்டால் அப்புறம் எனக்கு யார்? ஞாயிற்றுக்கிழமை போனில் "சாப்ட்டீங்ளாங்கத்த, மாத்திரை போட்டீங்ளா" என்று யார் கேட்பது? பெற்ற பிள்ளை மாதம் ஒருமுறை "நல்லாருக்கீங்ளா" என்று கேட்டு, நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் "சரீங்ம்மா" என்று வைத்துவிடுவான்.

வாய்விட்டுக் கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள். அப்புறம் கூட்டிச் சேர்க்க முடியாது. கேட்காமலேயே ஏதாவது செய்ய வேண்டும்.

ஜூலை 27, ஞாயிறு

வழி கிடைத்துவிட்டது. அடுத்த ஞாயிறு ஆடிப் பதினெட்டு. பவானி கூடுதுறையில் அன்றைக்குப் பொம்பளைகள் கூட்டம் கூட்டமாய் ஆற்றில் முழுகித் தாலிக்கயிறு மாற்றுவார்கள். வரும்போதே வாணிக்கு மஞ்சள் கயிறு கொண்டுவந்திருக்கிறேன். சாப்பாட்டு மேசையில் எடுத்து வைத்தேன்.

"ஆறு எங்கடா இருக்குது இங்க?"

வாணி, "வீட்லயே மாத்திக்கலாமுங்கத்த" என்றாள்.

"ஆறு இல்லாம ஆடிப் பதினெட்டாக்கும்? அப்பறம் இன்னொண்ணு. நான் தாலியில்லாதவ, கயித்தத் தொடக் கூடாது. தரணிதான் கட்டோணும்."

இந்தப் பேச்சை நான் பேசுகிறேன் என்று அவர் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். புருஷன் செத்தவள் பச்சைப்பிள்ளையைத் தூக்கக் கூடாது என்று சொன்ன எத்தனை கிழவிகளை நான் வாசலிலேயே நிறுத்தி வைத்துத் திட்டியிருக்கிறேன்! ஆனால் அவன் கையால் புதுக் கயிறு ஏறிவிட்டால் இரண்டு பேருக்கும் மனது ஒரு அசைவு அசையாதா? அவ்வளவுதான் என் கணக்கு.

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கடைசியில் தரணி, "டவ்ங்கற பேர்ல ஒரு ஆறு இருக்குதுங்ம்மா. பக்கத்துலயே ஒரு மலை. பாக்க நல்லாருக்கும். போலாம்" என்றான். இந்தப் பத்து நாளில் அவன் பேசிய நீளமான பேச்சு இதுதான்.

ஜூலை 30, புதன்

அடுப்படியில் வாணி என் பின்னால் வந்து நின்றாள். "அத்தை, ஒண்ணு பேசோணுங்க" என்றாள். சட்டியில் கடுகு வெடித்துக்கொண்டிருந்தது. "தீயுது, அக்கட்டப் போ கண்ணு" என்றேன். போய்விட்டாள். கடுகு தீயவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

நாளைக்குக் கட்டுச்சோறு. எலுமிச்சை, புளி, தயிர் மூன்றும். காப்பரிசிக்கு வெல்லம் இங்கேயே கிடைத்தது. தேங்காய் பார்வைக்கு நன்றாய் இருந்தது, உடைத்தால் உள்ளே சோப்பு மாதிரி. வாணிதான் எல்லாம் நறுக்கிக் கொடுத்தாள். நல்ல பெண். இந்தப் பெண்ணை விடுவதாவது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப் பதினெட்டு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

கார் முக்கால் மணி நேரம் போயிற்று. வழியெல்லாம் வயலைச் சுற்றிக் கல்லை அடுக்கிக் கட்டிய மதில், மதிலுக்குள் ஆடுகள். தோர்ப் கிளவுட் என்று மலைக்குப் பெயர். கிளவுட் என்றால் மேகம்தானே என்று அண்ணாந்து பார்த்தேன். நம் சென்னிமலைக்குப் பேரன் மாதிரி இருந்தது. அடியிலிருந்து முக்கால்வாசி பச்சைப்புல், உச்சியில் மட்டும் வெள்ளைப் பாறை. ஒரு பக்கம் சரிவாய் ஏறலாம். ஆற்றுப் பக்கம் செங்குத்து.

ஆறு அழகு என்றால் அழகு. பொய் சொல்லக் கூடாது. முழங்கால் ஆழம், அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரிகிற தண்ணீர். குறுக்கே தாண்டுவதற்குப் பெரிய கற்களை வரிசையாய்ப் போட்டிருக்கிறார்கள். அதில் குழந்தைகளும் நாய்களுமாய் ஒரே கூட்டம். "கூட்டம் கொறையட்டும், மொதல்ல மலைக்குப் போயிட்டு வந்தர்லாம்" என்றான் தரணி. தன் போனை என்னிடம் கொடுத்து, "இதைப் பையில வெச்சுக்கங்க" என்றான். வேறொன்றும் சொல்லாமல் முன்னால் ஏறிப் போய்விட்டான்.

எனக்குக் கால் வராது என்று தெரிந்தும் ஏறினேன். வாணி கையைப் பிடித்துக்கொண்டாள். பத்தடிக்கு ஒருதரம் நின்றோம். ஆடுகள் மனிதர்களைக் கண்டு பயப்படுவதே இல்லை, நீ யாரடி என்று பார்த்துவிட்டு மேய்கின்றன. பாதிக்கு மேல் கால் மறுத்துவிட்டது. புல்லில் உட்கார்ந்தோம். கீழே பள்ளத்தாக்கு முழுக்க வெயிலும் நிழலும் மாறி மாறி ஓடியது. அவர் இருந்து பார்த்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

வாணி சொன்னாள்: "அத்தை, அவரப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு சொல்லியாகோணுங்க."

"இன்னைக்கு ஒண்ணும் வேண்டாங் கண்ணு. நல்ல நாளு. நல்லது மட்டும் பேசு."

அவள் உச்சியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். உச்சிக்குப் போனவர்கள் எல்லோரும் ஒரு பக்கம் படம் எடுத்துக்கொண்டு நின்றார்கள். தரணி மட்டும் அவர்களை எல்லாம் தாண்டி, பாறையின் ஓரத்தில், ஆற்றைப் பார்த்து நின்றான். காற்றில் அவன் சட்டை படபடவென்று அடித்தது. நின்றான், நின்றான், அசையவே இல்லை. வாணி எழுந்துவிட்டாள். என் தோளில் வைத்த அவள் கை சில்லென்று இருந்தது. "தரணீ!" என்று கத்தினாள். மாமியார் பக்கத்தில் இருக்கும்போது புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாளே என்று எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. அவன் திரும்பவில்லை.

நான் விடுவேனா. தெருமுனையில் நின்று பாதி ஊருக்குக் கேட்கும்படி போலியோ சொட்டு மருந்துக்குக் கூப்பிட்ட தொண்டை. "டேய் தரணி! சோத்து மூட்டைய ஆடு மோந்து பாக்குதுடா! எறங்கி வாடா!" என்று ஒரு சத்தம் போட்டேன். மலையிலிருந்த அத்தனை வெள்ளைக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவனும் திரும்பினான். கொஞ்ச நேரம் எங்களையே பார்த்துவிட்டு இறங்கி வந்தான். படம் எடுத்துக்கொண்டு நின்றிருப்பான். போன் என் பையில் இருந்தது இதை எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது.

கீழே ஆற்றோரம் ஒரு மரத்தடியில் ஏழு கல் எடுத்துக் கன்னிமார் வைத்தேன். மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்துக் காப்பரிசி படைத்தோம். விளக்கு காற்றில் நிற்கவில்லை. நாய் கூட்டிக்கொண்டு போன ஒரு அம்மாள் நின்று என்னவென்று கேட்டாள். வாணி ஏதோ சொன்னாள். அந்த அம்மாள் "லவ்லி" என்று சொல்லிப் போனாள்.

கயிற்றைத் தரணி கையில் கொடுத்தேன். வாணி தலையைக் குனிந்தாள். அவனால் இரண்டு முனையையும் சேர்த்துப் பிடிக்கக்கூட முடியவில்லை. முடிச்சு போட வருகிறான், வழுக்குகிறது, மறுபடி வருகிறான். தண்ணீர்ப் பக்கம் குளிர் என்று நினைத்தேன். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. வாணி கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள், ஊசிக்குக் கையை நீட்டும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. "பரவால்ல, கட்டுங்க" என்று அவனிடம் மெதுவாகச் சொன்னாள். அதைக் கேட்டதும் அவன் அழ ஆரம்பித்துவிட்டான். சத்தமே இல்லை, கண்ணில் மட்டும் கொட்டுகிறது.

வாணி நிமிர்ந்து கயிற்றை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "அத்தை, நாங்க பிரிஞ்சுட்டோமுங்க. மார்ச்சு மாசமே. நான் நாட்டிங்காம்ல ரூம் எடுத்து இருக்கறனுங்க. செப்டம்பர்ல விவாகரத்துப் பேப்பர் வந்துரும்."

தெரிந்த விஷயம்தான். ஆனால் அவள் வாயால் கேட்டதும் எனக்கு ஆங்காரம் வந்துவிட்டது. "அப்ப எதுக்கு வந்து இத்தன நாளு நாடகம் ஆடுன? அத்தை அத்தைன்னு எதுக்கு வாய் நெறயக் கூப்புட்ட? போ. எனக்கு மருமகளும் இல்ல, மகளும் இல்ல. போறவ போயிக்கோ" என்றேன். இதைவிடவும் கூடச் சொன்னேன், எழுத மாட்டேன்.

தரணி உட்கார்ந்து அந்த ஏழு கல்லையும் ஒவ்வொன்றாய்க் கழுவி, எடுத்த இடத்திலேயே தண்ணீருக்குள் வைத்துக்கொண்டிருந்தான். சோற்றை யாரும் தொடவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

வாணி காலையில் கிளம்பிவிட்டாள். காலைத் தொட வந்தாள், நான் காலை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

இட்லி ஊற்றினேன். அப்படியே இருக்கிறது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வாணி போன் செய்தாள். எடுக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். நாலாவது தடவை எடுத்தேன்.

"என்னத் திட்டுங்க, பரவால்லீங்கத்த. ஆனா வெக்காம கேளுங்க. அவரத் தனியா உட்டுட்டு ஊருக்குப் போயிராதீங்க."

"எதுக்கு?"

"அவரு மே மாசத்துல இருந்தே வேலைக்குப் போறதில்லீங்க. மேல் ரூம்புல கம்ப்யூட்டரைக்கூட போடறதில்ல. சும்மா செவுத்தப் பாத்து உக்காந்திருக்காருங்க. உங்கள வரச் சொல்லுங்கன்னு அவருகிட்ட சொன்னதே நாந்தானுங்க. நீங்க இருந்தா சாப்புடுவாரு, எந்திரிச்சு நடமாடுவாருன்னு. அவரத் தனியா உட்டு எனக்குத் தூக்கமே வரதில்லீங்கத்த. அதனாலதான் நானும் கூட வந்து இருந்தேன்."

"அப்பறம் ஏன் உட்டுட்டுப் போன?"

"மூணு வருசம் கூட இருந்து பாத்தனுங்க. எங்களுக்குள்ள சண்டையே இல்ல. சண்ட போடறதுக்குக்கூட அவரு அங்க இல்லீங்க. டாக்டர்கிட்ட வாங்கன்னு கெஞ்சுனேன், வரமாட்டேன்னுட்டாரு. என்ற தலையும் கெட்டுப்போற மாதிரி ஆயிருச்சு."

"இதயெல்லாம் மொதல்லயே எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"சொல்ல வந்தனுங்க. நல்ல நாளுன்னு சொல்லீட்டீங்க."

போனை வைத்துவிட்டு அடுப்படியிலேயே கீழே உட்கார்ந்துவிட்டேன். முப்பது வருடம் ஒவ்வொரு வீட்டிலும் வாசலில் ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைத் தாண்டித்தான் உள்ளே போவேன். "அம்மா இருக்குதா?" என்று மட்டும் கேட்பேன். என் வேலையே பொம்பளைகளும் குழந்தைகளும்தான். ஆண்களிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்டதே இல்லை, என் ரிஜிஸ்டரில் அவர்களுக்குப் பத்தியே கிடையாது. இங்கேயும் அப்படித்தான் வந்திருக்கிறேன். கரண்டியைப் பார்த்தேன், பெட்டியைப் பார்த்தேன், மருமகள் முகத்தைப் பார்த்தேன். பெற்ற பிள்ளை பெல்ட்டில் ஓட்டை போட்டுக் கட்டிக்கொண்டு நடமாடுகிறான், தாண்டிப் போய்விட்டேன்.

அந்தப் பாறை ஓரம் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 6, புதன்

மேல் ரூம் கதவைத் தட்டாமல் திறந்தேன். வாணி சொன்னது சரி. தரணி எழுந்து கம்ப்யூட்டரைப் போடப் போனான். "வேண்டாம், உக்காரு" என்று சொல்லிவிட்டு நானும் அங்கேயே தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்தேன். மத்தியானம்வரை உரித்தேன். அவ்வளவு பூண்டு எதற்கு என்று அவனும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

ராத்திரி நானும் கீழே படுத்தேன், சோபாவுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு. முழங்காலுக்கு மாடி ஆகாது என்றேன். இந்தப் பொய்யாவது உபயோகமான பொய்.

வாணிக்குப் போன் செய்து ஆற்றோரம் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதே என்றேன். "வெச்சுக்கலீங்கத்த" என்றாள். பிறகு, "ஆனா கொஞ்ச நாளைக்கு நான் கூப்புட மாட்டனுங்க. டாக்டர் விசயம் ஏதாச்சும்னா மட்டும் கூப்புடுங்க. எனக்கும் கொஞ்சம் தேறோணும்" என்றாள். சரி கண்ணு என்றேன். வேறென்ன சொல்ல முடியும். வலிக்கிறது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

அந்த மலைக்கு மறுபடி போகலாம் என்று நான்தான் சொன்னேன். தரணி ஆச்சரியமாகப் பார்த்தான். வீட்டுக்குள் இருந்து கேட்க எனக்கு வாய் வராது. வெட்டவெளியில் உட்கார்ந்து இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் ஒருவேளை வரும் என்று தோன்றியது.

சாரல் விழுந்ததால் கூட்டமே இல்லை. உச்சிப் பக்கம் மேகம் மூடியிருந்தது. உச்சிக்குப் போகவில்லை, போக விட்டிருக்கவும் மாட்டேன். சரிவில் கொஞ்ச தூரம் அவன் கையைப் பிடித்து ஏறினேன். பிடித்த கை மணிக்கட்டில் தானாகவே நாடிக்குப் போய்விட்டது. ஒரு முள்மரத்தடியில் பிளாஸ்டிக் விரித்து உட்கார்ந்தோம்.

பிள்ளை பெற்ற பெண்கள் சிலர் பத்தாம் நாள், பன்னிரண்டாம் நாள் பேச்சில்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிடம் நான் சுற்றி வளைக்க மாட்டேன். மாமியாரை வெளியே அனுப்பிவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு நேராகக் கேட்பேன். சாகலாம்னு தோணுதா கண்ணு? கேட்டால் தோன்றாத எண்ணம்கூடத் தோன்றிவிடும் என்று சின்ன நர்சுகள் பயப்படுவார்கள். அப்படியெல்லாம் இல்லை, யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் இருப்பார்கள் என்று நானே அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதே கேள்வி இன்றைக்கு என் நாக்கில் புரளவில்லை. இந்த ஊர் ஆடு, இந்த ஊர் மழை என்று கண்டதைப் பேசினேன். தெர்மாஸிலிருந்து காப்பி ஊற்றினேன். அவன் குடித்தான்.

கடைசியில் ஆற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "அன்னைக்கு மேல நின்னயே சாமி. சாகலாம்னு தோணுச்சா?"

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். ஒரு ஆடு எங்கள் பக்கத்தில் வந்து மேய்ந்துவிட்டுப் போகும்வரை பேசவில்லை.

"தோணுச்சுங்ம்மா."

விடாமல் கேட்டேன். "இப்பவும் தோணுதா?"

"சில நாளு."

"இன்னைக்கு?"

"இன்னைக்கு இல்லீங்ம்மா." பிறகு அவனாகவே சொன்னான். "உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். நீங்க வந்ததுல இருந்து வாணியத்தான் பாத்துட்டு இருந்தீங்க. அதும் நல்லதுக்குத்தான்னு இருந்துட்டேன். என்ற பக்கம் யாரும் பாக்காம இருந்தா எனக்குச் சவுரியம்."

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. மன்னிப்புக் கேட்கலாமா என்று வாய்வரை வந்தது. அதைக் கேட்டு நான் அழுதால், பிறகு அவன்தான் என்னைத் தேற்ற வேண்டியிருக்கும். அதனால் விழுங்கிவிட்டேன்.

"எதனாலன்னு கேக்க மாட்டேன். சொன்னயே, அதுவே போதும். இது காய்ச்ச மாதிரி ஒரு நோவு. இதுக்கு டாக்டரு இருக்காரு, மருந்து இருக்குது. நாஞ் சொல்றது அம்மான்னு இல்ல, நர்சுன்னு வெச்சுக்கோ. போலாமா?"

"வந்தா நீங்க டாக்டர்கிட்ட பேசக் கூடாதுங்ம்மா. உங்களுக்கு வாய் நிக்காது."

"வாயே தெறக்க மாட்டேன்."

அவன் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்து போனது. நனைந்துகொண்டே இறங்கினோம். சரிவில் எனக்கு வழுக்கியது, அவன் பிடித்துக்கொண்டான். காருக்கு வந்தபின்தான் எனக்கு அழுகை வந்தது. அவன் பார்க்காதபடி கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பார்த்துவிட்டான் என்றுதான் நினைக்கிறேன். காரை எடுக்காமல் கொஞ்ச நேரம் இருந்தான்.

ஆகஸ்ட் 9, சனி

டிக்கெட்டை ரத்து செய்யச் சொன்னேன். "மாடு கன்னு இருக்குதா, என்ன அவசரம்" என்றேன். தரணி மறுக்கவில்லை. மறுக்காததே எனக்குப் பயமாகவும் ஆறுதலாகவும் இருக்கிறது.

வாணிக்கு ஒரே ஒரு போன், டாக்டர் விஷயமாக. யாரிடம் கேட்க வேண்டும், அவசரம் என்று எப்படிச் சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். வேறு பேச்சு பேசவில்லை. நானும் பேசவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

காலையில் தரணி தானே போன் போட்டு நாளைக்கு நேரம் வாங்கினான். கடைசிவரை அவனே பேசினான். ராத்திரி ஒன்றரை தோசை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இதை டாக்டர் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே இதற்குச் சர்ஜரி என்று பெயர். கத்தி வைக்கிற இடமோ என்று காலையிலேயே கலங்கிவிட்டேன், சாதாரண டாக்டரைத்தான் அப்படிச் சொல்கிறார்களாம்.

வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுத் தரணி இறங்கவே இல்லை. "நாளைக்கு வரலாமுங்ம்மா" என்றான். நான் வாயைத் திறக்கவில்லை, வாக்குக் கொடுத்திருக்கிறேனே. என் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, அவன் பக்கம் போய் மழையில் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ. சேலை முந்தானை நனைந்த பிறகு அவன் இறங்கினான்.

பேர் கூப்பிட்டதும் உள்ளே போனான். நான் கூட எழவில்லை. என் எதிரில் ஒரு வயதான வெள்ளைக்காரர், கையில் தொப்பி. என்றைக்கும் நான் தாண்டிப் போகிற மாதிரி ஆள். என்னைப் பார்த்தார். "ஹவ் ஆர் யூ?" என்று கேட்டேன். எனக்கே என் குரல் வேறு மாதிரி இருந்தது. அவர் முழங்காலைத் தொட்டுக் காட்டி ஏதேதோ சொன்னார். முக்கால்வாசி விளங்கவில்லை, தலையை ஆட்டிக்கொண்டே கேட்டேன்.

அவரையும் வேறொரு டாக்டர் அறைக்குக் கூப்பிட்டார்கள், பார்த்துவிட்டு வீட்டுக்கும் போய்விட்டார். தரணி இன்னும் வரவில்லை. உள்ளே பேச்சு சத்தம் கேட்கிறது, என்னவென்று விளங்கவில்லை. அவன் குரல்தான் அதிகம் கேட்கிறது. இவ்வளவு பேசுவானா என் பிள்ளை. பேசட்டும். எத்தனை நேரம் ஆனாலும் பேசட்டும். நான் இருக்கிறேன்.

கதவு திறந்தது. தரணி முகமெல்லாம் நனைந்து சிவந்து நிற்கிறான். "அம்மா, நீங்களும் உள்ள வாங்க" என்கிறான்.

போகிறேன்.